பருவத்தை முந்தும் படப்பிடிப்பு: தருமபுரி யூடியூப் சேனல்களும் மொத்தமாக எடுத்து வைக்கும் முறையும்

தருமபுரி மாவட்டத்தில் செல்பேசியும் காலர் மைக்கும் வைத்துக்கொண்டு யூடியூப் சேனல் நடத்துபவர்களில் பல வகையினர் உண்டு. ராகி, சாமை, மல்பெரி, மா என்று வெள்ளாமை பேசுபவர்கள் ஒரு பக்கம்; ஒகேனக்கல் பரிசலையும் மீன் வறுவலையும் காட்டுபவர்கள் இன்னொரு பக்கம்; நடுகற்களையும் அதியமான்கோட்டையையும் பற்றிச் சொல்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் பாடம் நடத்துபவர்கள் என்று வரிசை நீளும். பெரும்பாலும் ஒரே ஆள்தான், மிஞ்சினால் இருவர். சோறு போடும் வேலை வேறொன்று இருக்கும். இவர்கள் வேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம். துண்டறிக்கை படிக்கத் தயங்கும் ஒருவருக்கு, பக்கத்து ஊர்க்காரர் செய்து காட்டும் ஐந்து நிமிட வீடியோ புரியும். அந்த ஐந்து நிமிடத்தை வாராவாரம் தயாரிக்க முடியாமல் பல சேனல்கள் ஆறு மாதத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன. அவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: ஒரே நாளில் பத்து வீடியோ எடுத்து வைத்துக்கொள், வாரம் ஒன்றாக விடு. இந்த யோசனையின் அடிப்படை சரிதான். ஆனால் அது எண்ணிக்கையை அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. தருமபுரி போன்ற வேளாண் மாவட்டத்தில் அளவுகோலாக இருக்க வேண்டியது பருவம். எத்தனை வீடியோ என்பதைவிட, எந்தப் பருவத்தின் எந்த வேலை, அது எப்போது பார்ப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே முதல் கேள்வி.

மொத்தமாகச் செய்வது எப்போது லாபம் என்ற கேள்வி பழையது. ஒரு தடவைக்கு எத்தனை உருப்படி செய்வது என்று 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சிறு கட்டுரையில் கணக்குப் போட்டார். எந்திரத்தை ஒரு வேலைக்குத் தயார் செய்ய ஆகும் செலவு, உருப்படி கூடக்கூடப் பங்கு பிரிந்து குறையும். செய்து வைத்ததை விற்கும்வரை கிடங்கில் வைத்திருக்கும் செலவோ கூடிக்கொண்டே போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிறுத்திக்கொள் என்பது அவர் கணக்கு. வீடியோவுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. தயார் செய்யும் செலவு எது என்று யாருக்கும் உடனே தெரியும்: பயணம், வெளிச்சம், மைக் சரிபார்ப்பு, பேசப்போகிறவரின் சம்மதம். கிடங்குச் செலவைத்தான் மறந்துவிடுகிறோம். மெமரி கார்டில் கிடக்கும் வீடியோவுக்கு வாடகை இல்லை. ஆனால் அதிலுள்ள செய்தி பழசாகிக்கொண்டே இருக்கிறது. பாலக்கோடு தக்காளி விலை ஒரே நாளில் பழசாகிவிடும். ஒகேனக்கல்லுக்கு வரும் நீரின் அளவும், பரிசல் ஓடுகிறதா இல்லையா என்பதும் சில மணி நேரத்தில் மாறிவிடும். ராகிக் களி கிண்டும் முறையோ பத்தாண்டு கழித்தும் அப்படியே இருக்கும். எதை மொத்தமாக எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

இந்த முறைக்கு வேறெங்கும் போய் முன்னோடி தேட வேண்டியதில்லை. 1965 அக்டோபரில் தனி மாவட்டமாகப் பிரியும்வரை தருமபுரி சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. அந்தச் சேலத்தில் 1935-ல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வளாகம். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளக்காரர்கள். நேரக் கட்டுப்பாடு ஓர் ஆலையைப்போல. சென்னையை விட்டு இவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு நூறு படங்களுக்கு மேல் எடுக்க முடிந்ததற்கும், 1938-ல் முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்', 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று துணிந்து இறங்க முடிந்ததற்கும் காரணம், தயார் செய்யும் செலவைப் பல படங்களுக்குப் பகிர்ந்த அந்த ஏற்பாடுதான். பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்கள் இதே வழியில் போயின. ஒரு வீடு கிடைத்தால் அந்த வீட்டில் நடக்கும் காட்சிகளைப் பல எபிசோடுகளுக்கும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது கையிருப்பு தீரும்வரை தொடர்கள் ஓடின, தீர்ந்ததும் சேனல்கள் பழையவற்றை மறுபடி ஓட்டின. அதே ஆண்டில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கப்பட்டிருந்த அரசின் கல்வித் தொலைக்காட்சி, முன்கூட்டியே பதிவுசெய்த பாடங்களை வகுப்புவாரியாக ஒளிபரப்பியது. பாடத்திட்டம் ஆண்டு முழுவதும் நிலையானது என்பதால் பள்ளிப் பாடம் இம்முறைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைப் பற்றி விவாதமே தேவையில்லை.

தருமபுரியில் ஒரு வீடியோவுக்கு உண்மையில் எவ்வளவு தயாரிப்பு ஆகிறது என்று பார்க்கலாம். சித்தேரி மலையில் சாமை அறுவடையை எடுக்க வேண்டுமென்றால், தருமபுரியிலிருந்து அரூர் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து மலையேறும் பாதை வேறு. போக, வர அரை நாள் போய்விடும். காலை ஒன்பதரைக்கு மேல் வெயில் மேலிருந்து அடிக்கும், கண்ணின் கீழ் நிழல் விழும். பதினொரு மணிக்குக் காற்று கிளம்பினால் காலர் மைக்கில் இரைச்சல்தான் கேட்கும். எனவே நல்ல வெளிச்சமும் நல்ல ஒலியும் சேர்ந்து கிடைப்பது காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு வீடியோவை மட்டும் எடுத்துத் திரும்புவது பெரிய இழப்பு. அறுவடை, களத்தில் அடிப்பது, தூற்றுவது, உமி நீக்குவது, விதைக்கு எடுத்து வைப்பது, சாமைச் சோறு வடிப்பது என்று ஆறு தனித்தனி வீடியோவுக்கான காட்சி அங்கே ஒரே நாளில் கிடைக்கும். மனத்தின் செலவு ஒன்றும் இருக்கிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி முந்தியதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். காலையில் எழுதி, மதியம் படம்பிடித்து, இரவில் எடிட் செய்து, நடுவில் தம்ப்நெயிலுக்கு எழுத்துரு தேடும் தனிமனித சேனல்காரருக்கு இது நன்றாகவே தெரியும். எழுதுவதை ஒரு நாள், எடுப்பதை ஒரு நாள், வெட்டுவதை ஒரு நாள் என்று பிரித்தாலே பாதிக் களைப்பு குறையும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஒதுக்குவதும் நல்ல ஏற்பாடு. முந்தின இரவே பவர் பேங்க் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை அல்ல, பருவமே அளவுகோல் என்பதைப் பட்டுப்புழு வளர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது. பட்டுக்கூடு அங்காடி இருக்கும் மாவட்டம் இது; மல்பெரித் தோட்டமும் புழு மனையும் இங்கே பழகிய காட்சி. முட்டை பொரிந்ததிலிருந்து புழு கூடு கட்டத் தொடங்கும்வரை 25 முதல் 28 நாள். நடுவில் நான்கு முறை தோலுரிக்கும். முதல் இரண்டு பருவம் (தோலுரிப்புகள் பிரிக்கும் வளர்ச்சிக் கட்டத்தையும் பருவம் என்பார்கள்) இளம்புழு வளர்ப்பு மையத்திலேயே கழிந்துவிடும், அதன்பின் உழவர் வாங்கிவந்து மனையில் விடுவார். ஐந்தாம் பருவத்தில்தான் புழு வெறித்தனமாகத் தின்னும். மொத்த இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசி ஒரு வாரத்துக்கே போகும். ஒரே மனையை வைத்து இதை முழுதாகப் படம்பிடிக்க மாதம் முழுக்க ஏழெட்டு முறை போய்வர வேண்டும். "ஒரே நாளில் பத்து" என்ற சூத்திரம் இங்கே படுத்துவிடும். ஆனால் ஒரே வட்டாரத்தில் எல்லோரும் ஒரே நாளில் புழு இறக்குவதில்லை. ஒருவர் மனையில் புழு மூன்றாம் பருவத்தில் இருக்கும்போது அடுத்த தெருவில் ஐந்தாம் பருவம் நடக்கும், தோட்டத்து வீட்டில் கூடு பறித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் முன்பே நாலு உழவர்களிடம் விசாரித்து நாள் குறித்தால், ஒரு மாதக் கதையை ஒரே நாளில் எடுத்துவிடலாம். விதைப்பு எல்லா நிலத்திலும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும் ராகியில் இது முடியாது; பட்டில் முடியும். ஒவ்வொரு தொழிலின் உள்கட்டமைப்பையும் அறிந்தால்தான் தொகுத்து எடுக்கும் வழி தெரியும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதே எடுத்துக்காட்டில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பொதுவான யோசனை சொல்பவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பட்டுப்புழுவின் நோய்கள் மனிதர் கால் வழியாகவும் கை வழியாகவும் மனைக்கு மனை பரவும். நாலு மனைக்குள் ஒரே நாளில் நுழைந்து வெளியேறும் படக்குழு, நோயைச் சுமந்து செல்லும் குழுவாகிவிடலாம். ஆகவே படப்பிடிப்பின் வரிசை முக்கியம்: இளம்புழு இருக்கும் இடத்துக்கு முதலில், முதிர்ந்த புழுவுக்கு அடுத்து, கூடு பறிக்கும் இடத்துக்குக் கடைசியாக. கதையின் வரிசையும் அதுதான் என்பது நல்வாய்ப்பு. வாசலில் இருக்கும் பிளீச்சிங் பவுடர்த் தொட்டியில் கால் நனைத்து, கை கழுவி, ட்ரைபாடின் கால்களையும் துடைத்துவிட்டே உள்ளே போக வேண்டும். கொசுவிரட்டி பூசிய கையோடு நுழையக் கூடாது. தோலுரிக்கும் புழுவைத் தட்டை அசைத்துக் காட்டச் சொல்லக் கூடாது. கூடு கட்டும் அறையில் ரிங் லைட் போட்டால் புழுக்கள் வெளிச்சத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கூட்டம் சேரும், இரண்டு புழு சேர்ந்து கட்டும் இரட்டைக் கூடுகள் கூடும். அங்காடியில் அவற்றுக்கு விலை குறைவு. அந்த அறையில் கிடைக்கும் மங்கலான வெளிச்சத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். படம் சற்றுப் புள்ளி தட்டினாலும் போகட்டும்.

எப்போது வெளியிடுவது என்பதும் எப்போது எடுப்பது என்பதைப் போலவே முக்கியம். ஆடியில் ராகி விதைப்பைப் படம்பிடித்து அடுத்த வாரம் வெளியிட்டால், பார்க்கும் உழவர் ஏற்கெனவே விதைத்து முடித்திருப்பார். விதை நேர்த்தியைப் பற்றி அவர் அறிந்துகொள்வார், ஆனால் அந்த ஆண்டுக்கு அது உதவாது. வேளாண் வீடியோக்கள் பலவும் இப்படித்தான் தாமதமாக வருகின்றன. வேலை நடக்கும்போதுதான் எடுக்க முடியும், வேலை தொடங்கும் முன்பே வெளிவர வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற ஒரே வழி, இந்த ஆண்டு எடுத்ததை அடுத்த ஆண்டு ஆனியில் வெளியிடுவது. 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஏடிடி 27 நெல் திருச்சி வானொலி வழியாகப் பரவி 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றதற்கு, நிகழ்ச்சி உழவரின் நாட்காட்டியை ஒட்டி நடந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வானொலியில் பேச வயல் காட்சி தேவையில்லை, ஆகவே முன்கூட்டிப் பேசுவது எளிது. வீடியோவுக்குக் காட்சி தேவை. ஆகவே ஓராண்டு கையிருப்பு தேவை. மொத்தமாக எடுத்து வைப்பது சேனல்காரரின் வசதிக்கான தந்திரம் என்றே பேசப்படுகிறது. உழவருக்குப் பயன்படும் வீடியோ வேண்டுமென்றால் அது தவிர்க்க முடியாத முறை. மாங்காய் பறிப்பு, புளி உலுக்கல், மஞ்சள் வேகவைத்தல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஓராண்டு வைத்திருந்தால் செய்தி கெட்டுவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். கெடும். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் 36 சதவீதக் கரைசல் விற்பனையை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையை மத்திய அரசு 2023-ல் வெளியிட்டது. அதற்கு முந்திய பருவத்தில் எடுத்து வைத்த வீடியோவில் அந்த மருந்தின் பெயர் இருந்து, அப்படியே வெளியானால், அது வெறும் பழைய செய்தி அல்ல, தீங்கு. இதற்குத் தீர்வு எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. கை செய்யும் வேலையைக் காட்சியாக எடுத்து வைக்கலாம். மருந்து, அளவு, மானியம், விலை ஆகியவற்றைக் களத்தில் யார் வாயாலும் சொல்லவைக்காமல், வெளியிடும் வாரத்தில் வாய்ஸ் ஓவராகச் சேர்க்கலாம். சேர்க்கும் முன் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில் ஒரு தடவை சரிபார்க்கலாம். அங்கும் ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாகப் போய் நிற்காமல், வரப்போகும் மூன்று மாதத்துக் கேள்விகளைத் தொகுத்துக்கொண்டு ஒரே முறை போவது வல்லுநரின் நேரத்துக்குத் தரும் மரியாதை. தக்காளி விலையும் காவிரி நீர்வரத்தும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்பவை. அவற்றை அன்றன்று எடுக்க வேண்டும், செல்பேசியில் ஒரே ஷாட்டில், எடிட்டிங் இல்லாமல். கையிருப்பு இருக்கும் சேனலுக்குத்தான் அப்படி ஓடிப்போய் எடுக்க நேரமும் இருக்கும்.

இன்னோர் ஆட்சேபம் தரத்தைப் பற்றியது. மொத்தமாக எடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதே சட்டை, அதே குரல், ஐந்தாவது வீடியோவில் தொண்டை கட்டிவிடும் என்கிறார்கள். சட்டையை மாற்றிக்கொள்ளலாம், அது சின்ன விஷயம். குரல் பெரிய விஷயம். எட்எக்ஸ் இணையப் பாடங்கள் நான்கில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு இரண்டு செய்திகளைச் சொன்னது. வீடியோ எவ்வளவு நீளமானாலும் சராசரி மாணவர் தொடர்ந்து பார்ப்பது ஆறு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. நீண்ட வகுப்பைப் பதிவுசெய்து பின்னால் துண்டு போட்டவை, துண்டுக்கென்றே திட்டமிட்டு எடுத்தவற்றைவிட ஈர்ப்பில் குறைவு. ஒரு மணி நேரப் பேட்டியை எடுத்துப் பத்தாக நறுக்குவது தொகுப்பு முறையல்ல என்பதே இதன் பொருள். ஒவ்வொரு வீடியோவுக்கும் தனிக் கேள்வி, தனித் தொடக்கம், தனி முடிவு எழுதிக்கொண்டு போக வேண்டும். பகிர்ந்துகொள்வது பயணத்தையும் வெளிச்சத்தையும் மட்டும். பேச்சை ஒரு நாளைக்கு மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் பேச்சில்லாக் காட்சிகளை எடுப்பது அறிவுடைமை. 2025 ஜூலையில் யூடியூப், அச்சில் வார்த்ததுபோல் பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் வீடியோக்களுக்கு விளம்பர வருமானம் கிடையாது என்ற தன் விதியை மீண்டும் தெளிவுபடுத்தியபோது, மொத்தமாக எடுப்பவர்கள் பலர் அஞ்சினார்கள். விதி குறிவைப்பது உள்ளடக்கம் ஒரே அச்சாக இருப்பதை. ஒரே நாளில் எடுத்ததை அல்ல. புதுக்கோட்டைச் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் வீடியோவுக்கு வீடியோ ஒரே கட்டமைப்பைத்தான் பின்பற்றுகிறது: அதே குழு, அதே வெட்டவெளி, கடைசியில் பந்தி. 2021-ல் அது ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டியதை அந்தக் கட்டமைப்பு தடுக்கவில்லை. சமையலும் அதைச் சமைப்பவர்களின் உற்சாகமும் ஒவ்வொரு முறையும் நிஜமாக இருந்தன.

மிகக் கனமான ஆட்சேபம் ஆலைத் தொழிலிலிருந்தே வருகிறது. பெரிய தொகுதி பிழையை மறைக்கும். கடைசி உருப்படி முடிந்தபின்தான் முதல் உருப்படியிலேயே கோளாறு என்று தெரியும். டொயோட்டாவுக்கு ஆலோசகராக இருந்த ஷிகியோ ஷிங்கோ, தொகுதியைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, மணிக்கணக்கில் ஆன அச்சு மாற்றத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரும் வழியைத் தேடினார். தயார் செய்யும் செலவே குறைந்துவிட்டால் மொத்தமாகச் செய்யும் கட்டாயமும் குறையும். காலர் மைக்கின் வயர் தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் ஆறு வீடியோ எடுத்துவிட்டு மலையிறங்கினால் ஆறும் வீண். சாமை அறுவடை இனி அடுத்த ஆண்டுதான். இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன், அதிலிருந்து பெறுவதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதல் வீடியோவை எடுத்தவுடன் ஹெட்போன் மாட்டி முழுதாகக் கேட்டுவிட்டே இரண்டாவதுக்குப் போக வேண்டும். அடுத்து, பையை எப்போதும் தயாராக வைத்திருப்பது: மைக், காற்றுத் தடுப்பு உறை, பவர் பேங்க், காலி மெமரி கார்டு. முழு எச்டி தரத்தில் ஒரு மணி நேரக் காட்சி ஏழெட்டு ஜிபி பிடிக்கும். நாள் முழுக்க எடுக்கப் போகிறவர் பாதி நிரம்பிய செல்பேசியோடு போனால் நல்ல வெளிச்சத்தில் பழைய படங்களை அழித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். எடுத்ததற்கு அன்றிரவே தேதி, ஊர், பயிர், வேலை என்று பெயரிட்டு வைக்காவிட்டால் ஓராண்டுக் கையிருப்பு என்பது பெயரில்லாக் குப்பையாகிவிடும். விளம்பர வருமானத்தைப் பொறுத்தவரை, 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்ற வாசலைத் தாண்ட இடைவெளியின்றி வெளியிடுவது உதவும் என்பதோடு விட்டுவிடலாம்.

எளிதில் விடை சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அது படம்பிடிக்கப்படுபவரின் பக்கத்திலிருந்து வருவது. கர்நாடகத்தில் 16 கிராமங்களில் டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு நடத்திய ஆய்வில், வழக்கமான வேளாண் விரிவாக்கத்தைவிட உள்ளூர் உழவர்களை வைத்து எடுத்த வீடியோக்கள் காட்டப்பட்ட இடங்களில் புதிய முறைகளை ஏற்றுக்கொண்டவர்கள் ஏழு மடங்கு இருந்தார்கள். செலவுக்குக் கிடைத்த பலனோ பத்து மடங்கு. தங்களைப் போன்ற ஒருவரே செய்து காட்டியதும் அதற்கு முக்கியக் காரணம். ஆக, வீடியோவின் மதிப்பில் பெரும்பங்கு திரையில் தெரியும் அந்த உழவருடையது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பேசச் சொன்னால் அவருக்குத் தொந்தரவு சிறிது. ஒரே நாளில் ஆறு வீடியோவுக்கு நிற்கச் சொன்னால் அவருடைய ஒரு நாள் வேலையே போகிறது. அதுவும் அறுவடை நாள், ஆள் கிடைக்காத நாள். சேனல்காரர் மிச்சப்படுத்திய பயணச் செலவு அப்படியே உழவர் தலையில் இறங்குகிறது. அன்றைய கூலியைக் கொடுப்பது இதற்குக் குறைந்தபட்ச விடை, முகம் காட்டும் பெண்களுக்கும் அதே கூலி. ஓராண்டு கழித்து வெளியிடப்போகிறோம் என்பதை அன்றே சொல்ல வேண்டும். வெளியிடும் முன் மறுபடி கேட்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் அவர் மல்பெரியை அழித்துவிட்டுக் குண்டுமல்லி வைத்திருக்கலாம், தன் முகத்தோடு அந்தப் பழைய முறை பரவுவதை விரும்பாமலும் போகலாம். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு அடுத்த பருவத்தில் வேறொருவரிடம் போய் மறுபடி எடுக்க வேண்டியதுதான். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டே நாள் குறிக்க வேண்டும்.